விலையும் விலக்கும்: சிவப்புச் சாயமும் சடங்கில் அதன் இடமும்

சிவப்பு ஏன் மங்கல நிறமாயிற்று என்ற கேள்விக்குப் பெரும்பாலான நூல்கள் குருதியையும் நெருப்பையும் விடையாகக் காட்டி நின்றுவிடுகின்றன. குருதி எல்லா மனிதருக்கும் சிவப்புதான். நெருப்பும் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் எரிகிறது. அந்த நிறத்துக்கு மக்கள் கொடுத்த பொருளோ ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. சீனத்தில் டாங் மரபினர் ஆண்ட காலத்தில் (618–907) மணமகள் பச்சை உடுத்தினாள். சிவப்பு மணமகனுக்கு உரியது. பிற்காலத்தில் அதே நாட்டில் சிவப்பு மணமகளின் நிறமாகி நிலைத்தது. பிரான்சில் 1789இல் செங்கொடி என்பது, கூட்டம் கலையாவிட்டால் படை சுடும் என்று அரசு ஏற்றிய எச்சரிக்கை. மூன்றே ஆண்டுகளில் அது கிளர்ச்சி செய்தவர்களின் கொடியாயிற்று. குருதியின் நிறம் இடையில் எங்கும் மாறவில்லை. மாறாத ஒன்றைக் கொண்டு இத்தனை மாற்றங்களையும் விளக்க இயலாது.

எனவே இக்கட்டுரை வேறு இரண்டு கேள்விகளைத் தொடர்கிறது. ஒரு சமூகத்துக்கு அதன் சிவப்பு எந்தப் பொருளிலிருந்து, என்ன விலையில் கிடைத்தது? அதை இன்னார் அணியலாம், இன்னார் அணியக்கூடாது என்ற விலக்கை யார் விதித்தார்கள்? சிவப்பின் சடங்கு வரலாறு இவ்விரண்டுக்கும் இடையிலேயே நகர்ந்திருக்கிறது என்பது என் கருத்து.

மண்ணும் கல்லும்

மனிதன் கையாண்ட முதல் சிவப்பு மண்தான். தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் ஏறத்தாழ 1,00,000 ஆண்டுகளுக்கு முன் செங்காவியை அரைத்துக் கலந்து வைத்திருந்த கடற்சிப்பிகள் கிடைத்துள்ளன. அதே குகையில், கற்சில்லு ஒன்றின்மேல் காவிக் கட்டியால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்த கோடுகள் ஏறத்தாழ 73,000 ஆண்டுப் பழமை உடையவை. வேல்ஸ் நாட்டின் பேவிலண்டு குகையில் 1823இல் எடுக்கப்பட்ட எலும்புகள் செங்காவி படிந்து கிடந்தன. பெண்ணின் எலும்புகள் என்று கருதிச் 'செம்மங்கை' எனப் பெயரிட்டார்கள். அவர் ஓர் இளைஞர் என்பதும், 30,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவர் என்பதும் பின்னர் தெரியவந்தன. இறந்தவரைச் சிவப்பால் மூடி அனுப்பும் வழக்கம் அவ்வளவு பழையது.

காவி மண் பல நிலங்களில் எளிதில் கிடைக்கும். யாரும் அதைப் பூட்டி வைக்க முடியாது. மார்கழிக் கோலத்தைச் சுற்றி இழுக்கும் செம்மண் பட்டையும், கோயில் மதிலில் வெள்ளையோடு மாறி மாறி வரும் காவிப் பட்டையும் அந்தப் பழைய, எல்லாருக்கும் பொதுவான சிவப்பின் தொடர்ச்சி.

சாதிலிங்கத்தின் கதை வேறு. பாதரசமும் கந்தகமும் சேர்ந்த இந்தக் கனிமம் சில இடங்களில்தான் கிடைக்கும். ஸ்பெயினின் அல்மாதென் சுரங்கம் உரோமர் காலத்திலேயே அதற்குப் பெயர் பெற்றது. வெற்றி ஊர்வலம் வந்த உரோமத் தளபதிகள் உடலில் செந்நிறம் பூசியதைப் பிளினி குறித்திருக்கிறார். விழா நாள்களில் யூபிடர் சிலையின் முகத்துக்கும் அதே பூச்சு. சீனத்தில் சாங் மரபினர் குறிகேட்ட எலும்புகளில், கீறிய எழுத்துகளுக்குள் சாதிலிங்கத்தை நிரப்பியிருக்கிறார்கள். சிங் பேரரசர்கள் அதிகாரிகளின் மடல்களுக்குச் செம்மையில் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார்கள். அந்த மையில் ஆணையெழுதும் உரிமை பேரரசருக்கே இருந்தது. அரிய பொருளாக இருந்ததால்தான் சாதிலிங்கம் அதிகாரத்தின் அடையாளமாயிற்று.

மஞ்சளும் சுண்ணாம்பும்

தமிழ்ச் சடங்கில் நாள்தோறும் புழங்கும் சிவப்பு இந்த இரண்டு வகையிலும் சேராதது. ஆரத்தித் தட்டை எடுத்துக்கொள்வோம். தண்ணீரில் மஞ்சள்பொடியைக் கரைத்தால் மஞ்சளாகவே இருக்கும். அதில் சுண்ணாம்பை விரல்நுனியால் தொட்டுக் கலக்கினால், கலக்கும்போதே நீர் செந்நிறமாகத் திரும்பிவிடும். மஞ்சளிலுள்ள குர்குமின் காரநீரில் நிறம் மாறுவதே காரணம். குங்குமத்தைப் பழைய முறையில் செய்வதும் இதே வழியில்தான்: மஞ்சளோடு சுண்ணாம்போ, வெங்காரமும் எலுமிச்சைச் சாறும் படிகாரமுமோ சேர்த்துப் பிசறி நிழலில் உலர்த்துவார்கள். சிவப்பே இல்லாத பொருள்களிலிருந்து, வீட்டுக்குள்ளேயே, காசு செலவில்லாமல் சிவப்பு பிறக்கிறது.

இதற்கு ஒரு பின்புலம் உண்டு. குறிஞ்சி நிலத்துத் தெய்வத்தைச் சேயோன் என்றும் செவ்வேள் என்றும் சுட்டும் மரபு சங்க நூல்களிலேயே இருக்கிறது. செங்காந்தள், சிவந்த நூல், ஆட்டுக்குருதி கலந்த தினை என்று அந்த வழிபாட்டில் பலவும் சிவப்பு. திருமுருகாற்றுப்படை அதை விரிவாகவே காட்டுகிறது. பிற்காலத்தில் பல கோயில்களில் உயிர்ப்பலி ஒதுங்கியபோது நிறம் ஒதுங்கவில்லை. ஆயுதபூசை அன்று பட்டறை வாசலில் பூசணிக்காயைக் குடைந்து, உள்ளே குங்குமம் நிரப்பிச் சுற்றிப் போட்டு உடைக்கிறோம். சிதறுவது பூசணிதான், ஆனால் தெருவில் தெரியும் நிறம் எதற்கு ஈடாக வந்தது என்பதை ஊகிப்பது கடினமில்லை. குருதி விளக்கம் இந்த இடத்துக்குப் பொருந்துகிறது என்பதை மறுக்கவில்லை. துணிக்கு வரும்போது அது போதாமல் போகிறது.

சாயவேர்

மஞ்சள்–சுண்ணாம்புச் சிவப்பு துணியில் நிற்காது. துணியில், அதிலும் பருத்தித் துணியில், துவைத்தாலும் வெயிலில் காய்ந்தாலும் போகாத சிவப்பை ஏற்றுவது சாயத்தொழிலின் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. கம்பளியும் பட்டும் விலங்குப் புரத இழைகள். பல சாயங்களை எளிதில் வாங்கிக்கொள்ளும். பருத்தி அப்படி இசையாது. இந்தத் துணைக்கண்டம் அந்தச் சிக்கலை மிக முன்பே தீர்த்துவிட்டது. மொகஞ்சதாரோவில் வெள்ளிக் கலம் ஒன்றோடு ஒட்டிக் கிடைத்த பருத்தித் துணுக்கில் மஞ்சிட்டி வகைச் செஞ்சாயம் இருந்தது கண்டறியப்பட்டுள்ளது.

சோழமண்டலக் கரையில் இந்த வேலைக்கு உதவியது சாயவேர். இம்பூறல் என்று சித்த மருத்துவர் அழைக்கும் சிறு செடியின் வேர் அது. கடற்கரை மணலில் தானாக வளரும். வேர் நீளமாக, மெல்லியதாக இறங்கும். அதன் பட்டையில் அலிசரின் என்ற செந்நிறப் பொருள் இருக்கிறது. வேரைத் தண்ணீரில் கொதிக்கவைத்துத் துணியை முக்கினால் மட்டும் போதாது. சாயம் வந்த வேகத்தில் போய்விடும். இடையில் ஒரு பிடிமானம் வேண்டும். படிகாரத்திலுள்ள அலுமினியம் அந்தப் பிடிமானம். ஒருபக்கம் இழையையும் மறுபக்கம் அலிசரினையும் பற்றிக்கொண்டு, தண்ணீரில் கரையாத ஒரு சேர்மமாக அது இறுகுகிறது. அந்தச் சேர்மம் ஒளிவிடச் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். கிளிஞ்சல் கலந்த மணலில் விளைந்த வேருக்கும், குறிப்பிட்ட ஊர்க் கிணற்று நீருக்கும் சாயக்காரர்கள் கொடுத்த மதிப்பு வெறும் நம்பிக்கை இல்லை என்பதை இந்த வேதியியல் காட்டுகிறது.

வேலையின் முறையை நாம் விரிவாக அறிய ஒரு கடிதம் உதவுகிறது. இயேசு சபைத் துறவி கேர்து 1742இல் காரைக்காலிலிருந்து, தாம் சாயக்காரர்களிடம் கேட்டறிந்தவற்றைப் பிரான்சுக்கு எழுதி அனுப்பினார். வெளுத்த துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துப் பிழிந்து காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு படிகாரத்தைப் பிடித்துவைக்கும். பாலின் கொழுப்பு, எழுதும் கோடு துணியில் பரவாமல் காக்கும். பிறகு துணியைக் கட்டையால் அடித்து வழவழப்பாக்குவார்கள். கறுப்பு வரவேண்டிய இடத்தில் இரும்பு ஊறிய நீரால் எழுதுவார்கள். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகார நீரால். படிகார நீருக்கு நிறமில்லை. எழுதுகிறவர் கண்ணுக்குக் கோடு தெரியவேண்டும் என்பதற்காகச் சிறிது பதிமுகக் கட்டைச் சாற்றைக் கலந்துகொள்வார்கள். அதன் பிறகே சாயவேர் கொப்பரை. துணி முழுவதும் சிவந்து வெளியே வரும். சாண நீரில் அலசி, ஆற்று மணலில் விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து வெயிலில் காட்டினால் படிகாரம் படாத இடமெல்லாம் வெளுத்துவிடும்; எழுதிய இடம் மட்டும் சிவப்பாக நிற்கும்.

இந்த முறையில் எனக்குப் பெருவியப்பு உண்டு. எழுதுகிறவர் சாயத்தால் எழுதுவதில்லை. சாயம் எங்கே பற்றவேண்டும் என்பதை முன்கூட்டி எழுதிவிடுகிறார். தஞ்சைப் பகுதியில் கருப்பூர்க் கலம்காரியின் மரபு இந்த அறிவின் வழிவந்தது.

இந்தத் துணி கடல் கடந்தது. மலுக்குத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கப் பொன்னைவிட இந்தியத் துணி நன்றாகச் செல்லும் என்பதை ஐரோப்பியக் கம்பெனிகள் வந்த சில ஆண்டுகளிலேயே புரிந்துகொண்டன. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டியதற்கு இதுவே முதன்மைக் காரணம். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் தோராஜா மக்கள், இந்தியாவிலிருந்து போன சிவப்புத் துணிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பேழையில் காத்து, சடங்கு நாளில் மட்டும் வெளியே எடுத்தார்கள். அவற்றில் சில பல நூற்றாண்டுப் பழமை உடையவை. விற்ற இடத்தில் அன்றாடச் சரக்காக இருந்தது, வாங்கிய இடத்தில் முன்னோரின் அருட்பொருளாகிவிட்டது.

வேருக்காகவும் போட்டி நடந்தது. டச்சுக்காரர்கள் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கைப்பற்றியபின், அந்தக் கரைகளில் சாயவேர் தோண்டுவதைக் கம்பெனியின் உரிமையாக்கினார்கள். பின்வந்த ஆங்கிலேயரும் சில காலம் அதைத் தொடர்ந்தார்கள். மணலில் குனிந்து நின்று, அறுந்துவிடாமல் அந்த மெல்லிய வேரைப் பறித்த மக்கள் ஆவணங்களில் பாக்கிக் கணக்காகவே தென்படுகிறார்கள். அவர்கள் எடுத்துக் கொடுத்த சிவப்பைத் தங்கள் வீட்டு மணப்பெண்ணுக்கு வாங்கும் நிலையில் இருந்திருப்பார்களா என்பது எழுப்பவேண்டிய கேள்வி.

ஐரோப்பாவில் இத்துணிக்கு எழுந்த மோகம் அங்குள்ள நெசவாளரைக் கலங்கவைத்தது. பிரான்ஸ் 1686இல் அச்சுத்துணியைத் தடைசெய்து 1759இல்தான் தடையை நீக்கியது. இங்கிலாந்து 1700, 1721 சட்டங்களால் கதவடைத்தது. கேர்துவின் கடிதம் இந்தத் தடைக் காலத்தில் எழுதப்பட்டது. இறைப்பணியாளர் ஒருவர் சாயக் கொப்பரையைப் பற்றி அத்தனை நுணுக்கமாக எழுதியதன் காரணம் இப்போது விளங்கும்.

பூச்சிச் சிவப்பு

ஐரோப்பாவிடம் கம்பளிக்கும் பட்டுக்கும் ஏற்ற சிவப்பு இருந்தது. மத்தியதரைக் கடலோரக் கருவாலிப் புதர்களில் ஒட்டிவாழும் கெர்மிஸ் பூச்சியிலிருந்து அதை எடுத்தார்கள். விலை மிக அதிகம். கர்தினால்களுக்குச் செந்தொப்பி 1245இல் வழங்கப்பட்டது. 1453இல் கான்ஸ்தாந்திநோபிள் வீழ்ந்து, சங்கிலிருந்து எடுத்த பழைய ஊதாச்சாயம் அருகிப்போனபின் அவர்களின் அங்கியும் பூச்சிச் சிவப்புக்கு மாறியது. கர்தினாலின் சிவப்பு மறைசாட்சியரின் குருதியைக் குறிக்கிறது என்ற விளக்கம் இன்று எங்கும் சொல்லப்படுகிறது. கிடைத்தவற்றுள் மிக விலையுயர்ந்த நிறம் அதுவாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

மெக்சிகோவில் அதைவிட வீரியமான சிவப்பு இருந்தது. சப்பாத்திக்கள்ளி இனச் செடிகளில் வளர்க்கப்பட்ட கொச்சினீல் பூச்சியை ஒவாக்கா பகுதி மக்கள் நெடுங்காலமாகப் பேணிவந்தார்கள். அஸ்டெக் அரசுக்குக் கட்டிய திறைப் பட்டியலில் கொச்சினீல் மூட்டைகள் உள்ளன. 1521இல் அந்த அரசு வீழ்ந்தபின் ஸ்பெயின் இந்த வணிகத்தைக் கைக்கொண்டது. மெக்சிகோவிலிருந்து போன சரக்குகளில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இதற்கே. ஒரு பவுண்டு எடைக்கு உலர்ந்த பூச்சிகள் ஏறத்தாழ 70,000 வேண்டும். ஆங்கிலேயப் படையில் சிப்பாய்க்கு மஞ்சிட்டிச் சிவப்பும் அதிகாரிக்குக் கொச்சினீல் சிவப்பும் என்று பிரிந்தது. தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாரும் செஞ்சட்டையர். பக்கத்தில் வந்தால் யார் மேல், யார் கீழ் என்று துணியே சொல்லிவிடும்.

இந்தக் கதை சென்னையையும் தொட்டது. கோட்டையின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780களில், கொச்சினீலை இங்கேயே வளர்த்து ஸ்பெயினின் தனியுரிமையை உடைக்க முனைந்தார். சைதாப்பேட்டைப் பகுதியில் அதற்காகவே ஒரு கள்ளித் தோட்டம் அமைந்தது. 1795இல் இந்தியாவுக்கு வந்துசேர்ந்த பூச்சியோ வேறு இனம், சாயத்துக்கு உதவவில்லை. ஆனால் அது சப்பாத்திக்கள்ளி வகை ஒன்றை வேகமாகத் தின்று அழித்தது. 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கள்ளிப் புதர்களை ஒழிக்க அதையே வேண்டுமென்று பரப்பினார்கள். களையை அழிக்கப் பூச்சியைப் பயன்படுத்தி வெற்றிகண்ட முதல் நிகழ்வுகளில் ஒன்றாக வேளாண் அறிவியலார் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

ஒரே நாள் இடைவெளி

பருத்தியில் நிலையான சிவப்பேற்றும் கலை வேறு வழியாகவும் ஐரோப்பாவுக்குச் சென்றது. எண்ணெய், சாணம், படிகாரம், மஞ்சிட்டி என்று வாரக்கணக்கில் நீளும் துருக்கிச் சிவப்பு முறையைக் கிரேக்கச் சாயக்காரர்கள் 1740களில் பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். 1785இல் அது கிளாஸ்கோவில் வேரூன்றியது. ஸ்காட்லாந்தின் லீவன் பள்ளத்தாக்கு ஆலைகள் சிவப்புத் துணியில் மயிலும் மாங்காய்க் கொடியும் அச்சடித்து இந்தியச் சந்தைக்கே அனுப்பின.

கிரேபே, லீபர்மான் என்ற செருமானிய வேதியியலார் இருவர் 1868இல் கரித்தாரிலிருந்து அலிசரினைச் செய்துகாட்டினார்கள். அடுத்த ஆண்டு லண்டனில், ஆலையில் செய்வதற்கேற்ற மலிவான முறைக்கு அவர்களும் செருமானிய வேதியியலார் காரோவும் ஜூன் 25 அன்று காப்புரிமை கோரினார்கள். ஆங்கிலேயரான பெர்க்கின் தம் விண்ணப்பத்தை ஜூன் 26 அன்று கொடுத்தார். சில ஆண்டுகளுக்குள் பிரான்சிலும் நெதர்லாந்திலும் அலிசரினைத் தந்த மஞ்சிட்டி வயல்கள் அழிந்தன. சோழமண்டலக் கரையில் சாயவேர் தோண்டுவதும் குறைந்து மறைந்தது. மதுரைச் சாயக்காரர்களும் இறக்குமதி அலிசரினுக்கு மாறினார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். மன்னார் மணலின் வேரிலிருந்த அலிசரினும் செருமானிய ஆலையின் அலிசரினும் ஒரே மூலக்கூறு. சிவப்பின் சேர்க்கையில் அதுவே முதன்மையானது. அது மாறவில்லை, விலை மாறியது. விழா நாளில் ஒருமுறையேனும் சிவப்புடுத்துவது இயலாதிருந்த வீடுகளுக்கும் அது எட்டியது. நிறம் மட்டுமே பொருளைத் தருமென்றால் இந்த மாற்றத்தால் எதுவும் நிகழ்ந்திருக்கக் கூடாது. சிவப்பு அரிதானதன் அடையாளம் என்ற நிலையிலிருந்து கூட்டத்தின் அடையாளம் என்ற நிலைக்கு 19ஆம் நூற்றாண்டில்தான் வேகமாக நகர்ந்தது.

செங்கொடியை இதன் நேர் விளைவு என்று சொல்லிவிட முடியாது. 1791 ஜூலை 17 அன்று பாரிசில் செங்கொடி ஏற்றிக் கூட்டத்தைச் சுட்டபின், சுடப்பட்டவர்கள் பக்கம் நின்றவர்கள் அந்தக் கொடியையே தமதாக்கிக்கொண்டார்கள். இதற்குச் சாய விலை காரணமில்லை. அடக்குமுறையின் சின்னத்தைப் பறித்துக்கொண்ட அரசியல் துணிவு காரணம். ஆனால் 1871இன் பாரிஸ் கம்யூனிலும் அதன் பின்னும் தெருத்தெருவாக அது பறந்ததற்கு மலிவான சிவப்புத் துணி உதவியிருக்கவேண்டும். 1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடியபோது இந்தியாவுக்கும் அந்தக் கொடி வந்தது.

விலக்கு எஞ்சுகிறது

சீன மணமகளிடம் திரும்புவோம். டாங் காலத்தில் அதிகாரிகளின் ஆடைநிறம் படிநிலைக்கேற்ப வகுக்கப்பட்டிருந்தது. ஊதா மிக உயர்ந்தது; அதற்கடுத்தது செஞ்சிவப்பு; பச்சை அதற்கும் கீழே. சிவப்புச் சாயத்துக்கு அங்கே குசும்பாப் பூவின் மஞ்சளை நீரில் அலசிப் போக்கி, எஞ்சிய சிவப்பைச் சாம்பல்நீரில் பிரித்து எடுப்பார்கள். அழகான அந்தச் சாயம் வெயிலில் மங்கிவிடும். மணநாளில் மட்டும் எளிய குடும்பத்தினரும் தம் தகுதிக்கு மேற்பட்ட ஆடையை உடுத்தலாம் என்ற சலுகை சீன மரபில் இருந்தது. மிங் காலத்தில் (1368–1644) மணமகள் உயர்குடி மனைவியின் மணிமுடியும் சிவப்பங்கியும் அணிந்தது இந்தச் சலுகையோடு சேர்ந்த வழக்கம். அந்த ஒரு நாள் அவள் அணிந்தது பதவியின் நிறம். 1912இல் பேரரசு ஒழிந்து பதவிப் படிநிலையும் போனபின் சிவப்பு தன் பழைய காரணத்தை இழந்தும் திருமணத்தில் நிலைத்தது. மலேசியாவில் சீனப் புத்தாண்டுக்குத் தரும் சிவப்பு உறையைப் பார்த்துத் தமிழர்களும் தீபாவளிக்குப் பண உறை கொடுக்கத் தொடங்கினார்கள். உறையை ஏற்றுக்கொண்டார்கள், நிறத்தைப் பெரும்பாலும் ஊதாவாக்கினார்கள். அண்டை வீட்டாரின் சிவப்பு அவர்களுடையதாகவே இருக்கட்டும் என்ற நுண்ணிய மரியாதையை அதில் காண்கிறேன்.

நம் நாட்டில் எஞ்சிய விலக்கு கொடியது. விலையால் எழுந்த தடையை அலிசரின் உடைத்தது. குங்குமமோ என்றைக்கும் விலையுயர்ந்த பொருளாக இருந்ததில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் எந்த ஏழை வீட்டிலும் உண்டு. எல்லாருக்கும் எட்டிய அந்தச் சிவப்பைத்தான் கணவனை இழந்த பெண்ணின் நெற்றியிலிருந்து உறவினர் கூடிநின்று அழித்தார்கள், இன்றும் பல இடங்களில் அழிக்கிறார்கள். நிறம் எளிதில் கிடைக்கும் சமூகத்தில், அதைப் பறிப்பதே தண்டனையாகிவிட்டது. இது பொருளின் பண்பால் வந்ததில்லை; மனிதர் விதித்தது, மனிதராலேயே நீக்கக்கூடியது. மகாராட்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாடு கிராமம் 2022 மே மாதத்தில், கணவன் இறந்ததும் குங்குமத்தை அழிப்பது, வளையலை உடைப்பது, தாலியைக் கழற்றுவது ஆகிய சடங்குகளை ஊராட்சித் தீர்மானத்தால் தடைசெய்தது. சில நாள்களில் மாநில அரசு மற்ற ஊராட்சிகளும் அதைப் பின்பற்றவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது.